கட்டத் தரும் கை காக்கவும் தரட்டும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம், முள்ளிவாய்க்காலில் நான் நடத்தும் தட்டச்சுக் கடைக்கு ஆட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் காணி, வீட்டுத்திட்டம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை பற்றிய விண்ணப்பங்கள்தான். விலையில்லாத லிப்ரே ஒஃபிஸில் அடித்துக் கொடுக்கிறேன். ஒரு தாய் சொல்லும் பெயரில் ‘யோ’ வந்தால், கொம்பு யகரத்துக்கு முன்னாலும் அரவு பின்னாலும் தானாகப் போய் நிற்கும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். அன்ரொயிட் தொலைபேசியிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் தமிழைக் குலையாமல் காட்டுவதும் அதுவே. உலகமே பாவிக்கும் அந்த நிரலைப் பராமரிக்கும் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கையின் கணினித்துறையினர் சம்பளம் பாராமல் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் அதில் பதியலாம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் அது கைகொடுத்தது. அனர்த்தம் வந்தால் ஆட்களும் பணமும் திரளும். அடுத்த அனர்த்தம் வரும்வரை நிரலைத் திருத்தி, பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து, ஆயத்தமாக வைத்திருக்கும் வேலைக்குப் பணம் கிடைப்பதுதான் அரிது. போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த எத்தனையோ கட்டடங்களின் நிலையும் இதுதான்: திறப்புவிழாவுக்கு வந்த காசு கூரை ஒழுகும்போது வருவதில்லை.

மென்பொருள் பராமரிப்பில் காட்டும் இந்த அலட்சியத்தின் விலை பெரிது. இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டது. அதுவரை அதற்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர்தான். 2024இல் எக்ஸ்இசட் என்ற நிரலில் கள்ளவழி ஒன்று செருகப்பட்டது. களைத்துப்போயிருந்த தனியொரு பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஈராண்டுக்கு மேலாக உழைத்துப் பெற்ற ஒருவர் செய்த வேலை அது. அந்த நிரல் இருந்த சேர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஒரு பொறியியலாளர் துருவிப் பார்த்ததால்தான் உலகம் தப்பியது.

ஜேர்மனி இதை உணர்ந்து, 2022இல் திறந்த மூலப் பராமரிப்புக்கென்றே அரச நிதியம் அமைத்தது. எங்களாலும் தொடங்க முடியும். திறந்த மூல மென்பொருளில் இயங்கும் அரச திணைக்களங்கள், மிச்சப்படும் உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை அதன் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ் எழுத்துருக்களிலும் விசைப்பலகைகளிலும் உள்ள வழுக்களைத் திருத்தினால் அதற்கு உதவித்தொகை கிடைக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேட்கிறேன். எங்கள் பள்ளிகளுக்கு நீங்கள் அனுப்பும் கணினிகள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அந்தக் கணினிகளுக்குள் தமிழை ஓடவைப்பவர்களுக்கும் உலை கொதிக்க வேண்டும். அடுத்த தொகுதிக் கணினிகளுக்குக் காசு சேர்க்கும்போது, மென்பொருள் பராமரிப்புக்கென்று மாதாந்தத் தொகை ஒன்றையும் கணக்கில் எழுதுங்கள். திறப்புவிழா முடிந்த பிறகும் அதை நிறுத்தாமல் அனுப்புங்கள்.