ஐம்பூதமா, ஐவகை இயக்கமா? – ஒரு மொழிபெயர்ப்பு வழக்கு குறித்து

சீன மெய்யியலின் 'வூ சிங்' என்னும் கோட்பாட்டைத் தமிழில் 'ஐம்பூதம்' எனப் பெயர்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பெயர் ஒன்றானதும் பொருளும் ஒன்றெனக் கொள்ளப்படுகிறது; தமிழர் சிந்தனை சீனம் சென்றது என்றோ அங்கிருந்து ஈண்டு வந்தது என்றோ முடிபு கூறவும் சிலர் துணிகின்றனர். மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயரையே ஆய்வாளர் சான்றாகக் காட்டுவது எவ்வகை ஆய்வுநெறி?

முதற்கண் பட்டியலை நோக்குவோம். சீனர் கூறுவன மரம், தீ, மண், உலோகம், நீர் என்பன. இவற்றுள் மண், நீர், தீ ஆகிய மூன்றே நம் ஐம்பூதங்களோடு பொதுவானவை. வளியும் விசும்பும் அங்கில்லை. மரமும் உலோகமும் இங்கில்லை. இவ்வேறுபாட்டை மறைக்க, அக்குபங்சர் பற்றிய தமிழ் நூல்கள் சிலவற்றில் உலோகம் காற்றாகவும் மரம் வானாகவும் மாற்றப்பட்டுள்ளன. சீன மருத்துவத்தில் உலோகத்திற்குரிய உறுப்பு நுரையீரல். ஆகவே உலோகம் காற்றாயிற்றுப் போலும்!

பட்டியல் வேறுபாட்டினும் ஆழமானது கருத்து வேறுபாடு. ஐந்தின் கலப்பால் ஆனது உலகு எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அங்குப் பேசப்படுவது பொருள்களின் மூலம். 'சிங்' என்னும் சீனச் சொல்லோ நடத்தல், செல்லுதல், ஒழுகுதல் எனப் பொருள்படுவது. ஷூ ஜிங் என்னும் தொன்னூலின் 'ஹொங் ஃபான்' இயல் நீரை நனைத்துக் கீழிறங்குவதாகவும், தீயை எரிந்து மேலெழுவதாகவும், மரத்தை வளைவதும் நிமிர்வதுமாகவும் விளக்குகிறது. எது எதனால் ஆயது என்பதன்று அங்கு வினா. எது எவ்வாறு இயங்கும் என்பதே.

அவ்வியக்கம் சுழற்சியாகவும் அமைகிறது. மண்ணை மரம் வெல்லும். மரத்தை உலோகமும், உலோகத்தைத் தீயும், தீயை நீரும், நீரை மண்ணும் வெல்லும். கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான ட்சௌ யான் இதனை அரச மரபுகளின் எழுச்சி வீழ்ச்சிக்கே பொருத்தினார். கி.மு. 221இல் சீனத்தை ஒன்றுபடுத்திய சின் பேரரசன், தீயின் ஆற்றலுடைய சௌ மரபைத் தான் நீரின் ஆற்றலால் வென்றதாகக் கொண்டு, கருநிறத்தையும் ஆறு என்னும் எண்ணையும் அரசுக்குரியனவாக்கினான் என்று வரலாற்றாசிரியர் சிமா ச்சியென் எழுதுகிறார். எந்தப் பூதம் எந்த மரபை வீழ்த்தியது என்னும் ஆராய்ச்சி நம் பூதக் கோட்பாட்டில் உண்டா? இவ்வெற்றி வரிசை மாறாததன்று எனச் சீனத்திலேயே மோட்சு மரபினர் மறுத்தனர். அம்மறுப்பும் தீயின் மிகுதி, உலோகத்தின் மிகுதி பற்றியதேயன்றி மூலப்பொருள் பற்றியதன்று.

வலுவான சான்று பௌத்த மொழிபெயர்ப்புகளில் உள்ளது. இந்திய நூல்களின் 'மகாபூதம்' என்னும் சொல்லைச் சீனத்திற் பெயர்த்தோர் கையருகே இருந்த 'சிங்' என்பதை எடுக்கவில்லை. 'பெரியது' எனப் பொருள்படும் 'தா' என்பதையே ஆண்டு, நான்கு பூதங்களை 'ஸ்ஸு தா' என்றனர். இரண்டும் வேறென அவர்கள் கண்டதை நாம் காண மறுப்பதேன்?

ஆங்கிலத்திலும் 'எலிமெண்ட்ஸ்' என்றுதானே வழங்கினர் என்பார் உளர். 1956இல் நீதாம் அவ்வாறே எழுதினார், உண்மை. பின்வந்த போர்க்கர்ட், சிவின் முதலியோர் அதனைக் கைவிட்டுப் படிநிலை என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றனர். அவர்கள் விட்டதை நாம் இன்னும் பற்றி நிற்கிறோம்.

ஒப்பிட்டே ஆகவேண்டுமெனின், பூதத்தை விட்டுத் திணையை எடுக்கலாம். பருவம், திசை, நிறம், சுவை ஆகியவற்றை ஐந்தாக வகுத்துத் தம்முள் இயைக்கும் சீன முறைக்கு, நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளோடு இயைக்கும் திணைமரபே அண்மையது. ஆயினும் குறிஞ்சியை முல்லை வெல்வதில்லை. திணை மயங்கும், ஒன்றையொன்று அழிக்காது. இவ்வேறுபாட்டிலிருந்து ஒப்பாய்வு தொடங்கட்டும். அதுவரை 'வூ சிங்' என்பதை 'ஐவகை இயக்கம்' என வழங்குமாறு கலைச்சொல் தொகுப்போரை வேண்டுகிறேன்.