மேலாண்மைப் படிப்பின் ஒற்றைமொழி வாசல்

எம்.பி.ஏ. படிப்பில் சேரத் தகுதி என்ன என்ற கேள்விக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி இரண்டு வரிகளில் விடை சொல்லிவிடுகிறது. குறைந்தது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, எந்தப் பாடமானாலும் சரி. அதில் 50 விழுக்காடு மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பிறகு ஏற்கப்பட்ட நுழைவுத் தேர்வுகளுள் ஒன்று. தொழில்நுட்ப மேலாண்மை, வணிகப் பகுப்பாய்வு, தகவல் அமைப்புகள் என எந்தச் சிறப்புப் பிரிவை நாடினாலும் பெரும்பாலும் அடிப்படை இதுதான். தமிழ் இலக்கியம் கற்றவரும் வரலாம், இயற்பியல் கற்றவரும் வரலாம். காகிதத்தில் இதைவிட அகலமான வாசல் உயர்கல்வியில் அரிது.

அவ்வளவு அகலமான வாசலில் நம் பகுதிப் பிள்ளைகள் நுழைவதை நாம் ஏன் காண்பதில்லை?

இந்தக் கேள்வியை எழுப்பும்போதெல்லாம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. மருத்துவம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்காகப் போராடுவது சரி. முதலாளிக்கு மேலாளர் தயாரிக்கும் படிப்புக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். ஆனால், திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கடினம். 1990இல் அரசின் முயற்சியால் டெக்னோபார்க் தொடங்கிய நகரம் இது. 2000இல் அங்கே உருவான தகவல் தொழில்நுட்ப, மேலாண்மைக் கழகம்தான் 2020இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் டிஜிட்டல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. பழம்பெரும் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே மேலாண்மைப் பள்ளியும் இயங்குகிறது. பொதுப்பணத்தில், பொதுநிலத்தில் எழுந்தவை இவை. இவற்றின் வகுப்பறையில் யார் அமர்கிறார்கள் என்று கேட்பது நம் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

இன்னொன்றும் உண்டு. உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வண்டியில் ஓடும் இளைஞனுக்கு எத்தனை நிமிடம், எத்தனை ரூபாய், எப்போது கணக்கு முடக்கம் என்பதை இன்று மேற்பார்வையாளர் தீர்மானிப்பதில்லை. ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்த மென்பொருள் எதை அளக்க வேண்டும், எதை அளக்காமல் விடலாம் என்று முடிவெடுப்பவர்களில் தொழில்நுட்ப மேலாண்மை கற்றவர்களும் இருக்கிறார்கள். அந்த அறைக்குள் சுமைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி இருப்பதால் சுரண்டல் ஒழிந்துவிடாது. ஆயினும் அவள் அங்கே இருக்கவே முடியாதபடி விதிகள் அமைந்திருப்பதை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

கேரளத்தின் விதிகளைப் பார்ப்போம். இங்கே எம்.பி.ஏ. சேர்க்கைக்கு கே-மேட் என்னும் மாநிலத் தேர்வு உண்டு. நுழைவுத் தேர்வு ஆணையர் அதை நடத்துகிறார். 180 வினாக்கள், 720 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. தகுதிக் கோடோ மிகத் தாழ்ந்தது: பொதுப் பிரிவுக்கு 10 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 7.5. அதாவது 72 அல்லது 54 மதிப்பெண். இதைக் கண்டு தரம் போயிற்று என்று புலம்புவோர் உள்ளனர். நமக்கு அந்தப் புலம்பல் தேவையில்லை. தகுதிக் கோடு வாசற்படி மட்டுமே, இருக்கை தருவது தரவரிசை. அந்தத் தரவரிசையில் தேர்வுக்கு 80 பங்கு, குழு விவாதத்துக்கு 10, நேர்காணலுக்கு 10.

வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. மலையாளத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை.

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் 13 மொழிகளில் நடக்கிறது. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும் 13 மொழிகளில் நடக்கிறது. இரண்டு பட்டியல்களிலும் தமிழும் மலையாளமும் உண்டு. அந்தத் தேர்வுகளின் மீது நமக்குள்ள எதிர்ப்பு வேறு. ஆனால் உயிரைக் காக்கும் படிப்புக்கும் பாலம் கட்டும் படிப்புக்கும் தாய்மொழியில் வினா கேட்க முடிகிறது. கணக்கு வழக்குப் பார்க்கும் படிப்புக்கு மட்டும் முடியாதாம். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமே மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் தந்து வருகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை அளித்துள்ளது. ஆகவே இது புதிய சலுகை கேட்பதாகாது.

“வகுப்பே ஆங்கிலத்தில்தானே நடக்கப்போகிறது, தேர்வு மட்டும் தமிழில் எதற்கு?” என்பார்கள். கே-மேட்டின் பகுப்பு இதற்கு விடை தருகிறது. 180 வினாக்களில் ஆங்கில மொழித்திறனுக்கு மட்டும் தனியே 50 வினாக்கள், 200 மதிப்பெண். அது இருக்கட்டும், வகுப்பைப் பின்தொடர எவ்வளவு ஆங்கிலம் வேண்டுமோ அதை அங்கே சோதித்துக்கொள்ளட்டும். எஞ்சிய 130 வினாக்கள் கணிதம், தருக்கம், பொது அறிவு. இவற்றையும் ஆங்கிலத்தில் கேட்பதன் பொருள், ஒரே குறைக்கு ஒரு மாணவரை இருமுறை தண்டிப்பது. ஒரு வினாவுக்கு 50 நொடிதான் கிடைக்கிறது. அதில் பாதியை வாக்கியத்தை அவிழ்ப்பதற்கே செலவிடும் பிள்ளை எப்போது கணக்குப் போடும்? முப்பதாண்டாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கட்சித் தீர்மானம் ஒன்றைத் தமிழாக்குவதைவிட ஒரு தருக்கப் புதிரைத் தமிழாக்குவது எளிது.

கடந்த ஆண்டு எங்கள் வலியசாலையில் ஒரு பெண் இந்தப் படிகளை ஏறிப் பார்த்தாள். தந்தை சாலைக் கடைத்தெருவில் சுமைத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி, பிறகு பி.காம்., 60க்கு மேல் மதிப்பெண். எழுத்துத் தேர்வைக் கடந்தாள். குழு விவாதத்தில் எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து புத்தொழில் முதலீடு குறித்துப் பேசினார்களாம். பதினைந்து நிமிடத்தில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம். சரக்கு வண்டி வந்து நிற்பதற்கும் கடைக்காரர் பணம் தருவதற்கும் இடையிலான கடன் சுழற்சியை அவள் எனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. எந்த முதலீட்டுப் பாடத்திலும் அதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. அதைச் சொல்ல அந்த வட்டத்தில் இடமில்லை. இருக்கை கிடைக்கவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

இங்கே வலியசாலையைப் பற்றியே ஒரு சொல். தெரு அகலமாக இருப்பதால் இப்பெயர் என்று வெளியூர்த் தோழர்கள் நினைப்பதுண்டு. இந்தச் சாலை அந்தச் சாலையன்று. பழந்தமிழில் இது மாணவர் தங்கிக் கற்ற நிறுவனத்தின் பெயர். இராசராசன் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று கருதும் ஆய்வாளர் உண்டு, மறுப்போரும் உண்டு. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நிறுவிய சாலையின் செப்பேடு நம்மிடம் இருக்கிறது. பொ.ஆ. 866ஆம் ஆண்டினதாகக் கணிக்கப்படும் அச்செப்பேட்டில் மாணவர் சேர்க்கை விதிகளே பொறிக்கப்பட்டுள்ளன. மொத்தம் 95 இடங்கள். வேதப் பிரிவு வாரியாக 45, 36, 14 எனப் பங்கீடு. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். அத்துடன் ‘திரைராச்சிய வியவகாரம்’ தெரிந்திருக்க வேண்டும். மூவேந்தர் நாடுகளின் ஆட்சி நடைமுறை அறிவு என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொள்வர். அக்காலத்து மேலாண்மைப் படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். (அந்த வியவகாரம்தான் தேய்ந்து இன்று ‘விவகாரம்’ ஆகி வம்பு வழக்கைக் குறிக்கிறது, ஆட்சியாளரிடம் பட்ட அனுபவத்தில் மக்கள் செய்த மொழிபெயர்ப்போ என்னவோ.)

அந்தச் சாலையில் கட்டணம் இல்லை, சோறும் போட்டார்கள். ஆனால் உழுதவன் மகனுக்கோ நெய்தவன் மகளுக்கோ அங்கே இடமே இல்லை. 95 இடங்களும் வேதம் ஓதும் ஒரே வருணத்துக்கு. இன்றைய விதியில் சாதித் தடை இல்லை, இட ஒதுக்கீடும் போராடிப் பெற்றாயிற்று. கட்டணமும் மொழியும் அந்த இடத்துக்கு வந்து நிற்கின்றன.

கட்டணத்துக்கு உச்சமான சான்று ஐ.ஐ.எம்.கள். 2004இல் அங்கே ஆண்டுக் கட்டணம் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி அதை 30,000 ஆகக் குறைக்க ஆணையிட்டார். நிறுவனங்களைத் தம் பிடிக்குள் கொண்டுவரும் உத்தி அது என்ற ஐயம் அன்றே எழுந்தது, காரணமில்லாமலும் அன்று. ஆட்சி மாறியதும் ஆணை கைவிடப்பட்டது. பின்னர் 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் கட்டணத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நிறுவனங்களின் ஆளுநர் குழுக்களிடமே தந்தது. இன்று அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இரண்டாண்டுப் படிப்புக்கு 20 லட்சத்துக்கு மேல். அங்கே 27 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 2008இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது; வந்த வாசலைக் கட்டணம் பாதி மூடிவிட்டது. போதாக்குறைக்கு, கேட் தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். பதினைந்து வயதில் வீட்டில் விளக்கில்லாமல் படித்த பிள்ளை, இருபத்திரண்டு வயதில் அதற்கும் அபராதம் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டின் நிலை சற்று மேல். 69 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறியியல் முதலான இளநிலைத் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வை ஒழித்த பெருமையும் அதற்குண்டு. ஆனால் எம்.பி.ஏ.க்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நீடிக்கிறது. வாசித்துப் புரிதல், வணிகச் சூழல் ஆய்வு, ஆங்கிலப் பயன்பாடு என அங்கும் ஆங்கிலத்தின் எடையே அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பி ஒருவரைப் பொறியாளராக்கலாம் என்றால், பட்டப்படிப்பு மதிப்பெண்ணை நம்பி மேலாளராக்க ஏன் தயக்கம்?

சேர்ந்தபின் பட்டம் பெற என்ன படிக்க வேண்டும் என்பதையும் நாம் விட்டுவிடக்கூடாது. நிதி, சந்தை, புள்ளியியல், தரவு ஆய்வு, செயல்திட்டம் இவையெல்லாம் வேண்டியவையே. தொழிலாளர் சட்டமோ பெரும்பாலும் மனிதவளச் சிறப்புப் பிரிவினருக்கு மட்டும் உரிய விருப்பப் பாடம். தொழில்நுட்பப் பிரிவைத் தேர்ந்தவர் ஒருமுறைகூட அதைத் தொடாமல் பட்டம் வாங்கிவிடலாம். கிக் தொழிலாளர் என்ற சொல்லுக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வரையறை தந்துவிட்டது; அவர்களுக்கென்றே ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் இயற்றியது. அத்தொழிலாளரை மென்பொருளால் ஆளப்போகிறவர் இவற்றை அறியாமல் வெளியேறுவது கல்வியின் ஓட்டை. ஊதியமின்றி இரண்டு மாத உள்ளகப் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்பதும் அப்படித்தான்: வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைக்கு அது அனுபவம், வராத பிள்ளைக்குக் கடன்.

கேரளத்தில் உடனடியாகக் கேட்கக்கூடியவை எளியவை. கே-மேட்டின் ஆங்கிலப் பகுதி தவிர்த்த 130 வினாக்கள் மலையாளம், தமிழ், கன்னடத்திலும் தரப்பட வேண்டும். குழு விவாதத்தில் மாணவர் விரும்பும் மொழியில் பேச இடம் வேண்டும். இல்லையேல் அந்தப் பத்துப் பங்கைப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கு மாற்றட்டும். தொழில்நுட்ப மேலாண்மைக்குத் தொழிலாளர் சட்டத்தைக் கட்டாயப் பாடமாக்குவதைப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களில் நம் ஆசிரியர் தோழர்களே முன்மொழியலாம். தேர்வுக்கான விளக்கக் கையேடு அச்சேறிய பின் மனுக் கொடுத்தால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதிலே வரும். சாலை, வலியசாலைப் பகுதிக் கிளைகளும் மாணவர் அமைப்பும் அதற்கு முன்பே நுழைவுத் தேர்வு ஆணையரைச் சந்திக்க நாள் கேட்க வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969 சட்டம் அதற்கு இடம் தருகிறது.