ஒரு வாளி மணலும், ஒரே மாதத்தில் இரண்டு ‘ஸாரி’யும்!

2022 டிசம்பர் 17, சனிக்கிழமை மதியம். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அத்தனை பேரும் மறுநாள் நடக்கவிருந்த உலகக் கோப்பை ஃபைனலில் மூழ்கியிருந்தார்கள். மெஸ்ஸியா, எம்பாப்பேயா என்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்பது, பழைய படங்களைத் தோண்டி எடுப்பது என்று ஒரே பரபரப்பு. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன எனக்கு மட்டும் ‘மற்ற விளையாட்டுச் செய்திகள்’ டியூட்டி. அப்போதுதான் அந்த வீடியோ வந்து விழுந்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். ஆமி பார்க் மைதானம். ஒரு கோல்கீப்பர் முகத்தில் ரத்தம் வழிய, சட்டையெல்லாம் வெள்ளைத் தூள் அப்பிக் கிடக்க, தள்ளாடி நடக்கிறார். சுற்றிலும் ரசிகர்கள் ஓடுகிறார்கள். புகை மண்டலம்.

பத்தே நிமிடத்தில் செய்தியை ஏற்றிவிட்டேன். ‘கோல்கீப்பர் முகத்தை உடைத்த ரசிகர்கள்... மெல்போர்னில் வெறியாட்டம்!’ என்று தலைப்பு. நன்றாகவே ஓடியது. ஆனால் அந்தத் தலைப்பில் எனக்கு இன்றுவரை ஓர் உறுத்தல் உண்டு. வாளியை வீசியது ஒருவர். ‘ரசிகர்கள்’ என்று பன்மை போட்டு எத்தனை ஆயிரம் பேரை அந்த ஒருவரோடு சேர்த்துக் கட்டினேன்? அந்த உறுத்தல்தான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் மெல்போர்ன் சிட்டிக்கும் மெல்போர்ன் விக்டரிக்கும். ஒரே ஊரின் இரண்டு அணிகள். நம்மூரில் பக்கத்துப் பக்கத்துத் தெரு டீம்கள் மோதினாலே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று கோபம் எதிரணி மேல் இல்லை. லீக்கை நடத்தும் நிர்வாகத்தின் மேல். அதற்கு ஐந்து நாள் முன்பு ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதுவரை ஃபைனலுக்கு வரும் இரண்டு அணிகளில் பட்டியலில் மேலே இருக்கும் அணியின் ஊரில்தான் ஃபைனல் நடக்கும். இனி மூன்று வருடங்களுக்கு, யார் வந்தாலும் ஃபைனல் சிட்னியில்தான் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநில சுற்றுலா நிறுவனத்துக்கு உரிமையை விற்றுவிட்டார்கள். சீசன் முழுக்க கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த ரசிகருக்கு, சொந்த ஊரில் ஃபைனல் பார்க்கும் வாய்ப்பே போச்சு.

அதனால் இரண்டு அணி ரசிகர்களும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். 20-வது நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விடுவது. எதிரெதிர் அணி ரசிகர்கள் கைகோத்து நடத்தவிருந்த அமைதியான வெளிநடப்பு. அது மட்டும் திட்டப்படி முடிந்திருந்தால் நானும் நீங்களும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம்.

ஃப்ளேர் என்றொரு சமாசாரம் இருக்கிறது. கப்பல்காரர்கள் ஆபத்தில் காட்டும் சிவப்பு வெளிச்சக் குச்சி. நம்மூர் மத்தாப்புக்கு முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான சூட்டில் எரியும், லேசில் அணையாது. மைதானத்துக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அன்று அவை வரிசையாக வந்து புல்லில் விழுந்தன. சிட்டி அணியின் கோல்கீப்பர் டாம் குளோவர் அதில் ஒன்றை எடுத்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த ரசிகர்கள் பக்கமே திருப்பி வீசினார். அவ்வளவுதான். வேலியைத் தாண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இறங்கினார்கள். அதில் ஒருவர் கையில் கிடைத்தது ஓர் இரும்பு வாளி.

அந்த வாளி ஏன் அங்கே இருந்தது தெரியுமா? விழும் ஃப்ளேரை எடுத்துப் போட்டு அணைக்க, பாதுகாப்புக்காக மணல் நிரப்பி வைத்திருந்தது! குளோவரின் முகத்தில் விழுந்தது அதுதான். சட்டையில் அப்பியிருந்த தூளும் அதிலிருந்து வந்ததுதான். அவருக்கு முகத்தில் வெட்டுக்காயம், தலையில் அதிர்ச்சி. நடுவருக்கும் ஒரு டி.வி. கேமராமேனுக்கும் காயம். ஆட்டம் 22-வது நிமிடத்தோடு கைவிடப்பட்டது.

பிறகு வந்தது தண்டனை. விக்டரி கிளப்புக்கு 5.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பறிபோனது. கொடி, மேளத்தோடு நின்று கத்தும் ரசிகர்களின் கேலரிப் பகுதி சீசன் முடியும்வரை மூடல். சிலருக்கு ஆயுட்காலத் தடை. கைது, கோர்ட், எல்லாம். காயம்பட்டவரின் படத்தைப் பார்த்த யாரும் இதில் எதையும் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் கொஞ்சம் பின்னால் போவோம். அந்த ஆட்டத்துக்கு இரண்டே வாரம் முன்பு, அதே மெல்போர்னின் ஃபெடரேஷன் சதுக்கம். கத்தாரில் ஆஸ்திரேலியா டென்மார்க்கை 1-0 என ஜெயித்தபோது அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். பெரிய திரைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் குதித்தார்கள். அங்கேயும் அதே ஃப்ளேர், அதே சிவப்புப் புகை. அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ‘என்னவொரு பாசம்!’ என்று எல்லோரும் உருகினார்கள். நானும்தான் ஹார்ட் எமோஜி போட்டுப் பகிர்ந்தேன். ஜெயித்தால் பாசம், கோபித்தால் வெறி. ஃப்ளேர் என்னவோ ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஆஸ்திரேலியாவில் ‘ஃபுட்பால்’ என்றால் உடனே ‘எந்த ஃபுட்பால்?’ என்ற கேள்வி வரும். மேலே சொன்னது நமக்குத் தெரிந்த உருண்டைப் பந்து. அங்கே அதை சாக்கர் என்பார்கள். மெல்போர்ன்காரர்களின் உயிர் மூச்சு வேறு ஒன்று. பெரிய வட்ட மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். செல்லமாக ‘ஃபுட்டி’. அதன் ஃபைனலுக்கு மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். 2023-ல் வந்தவர்கள் மிகச் சரியாக 1,00,024.

இந்த ஒரு லட்சம் பேரும் கலந்துதான் உட்காருகிறார்கள் என்பதுதான் விசேஷம். ஐரோப்பாவில் மாதிரி இந்த அணிக்கு இந்தப் பக்கம், அந்த அணிக்கு அந்தப் பக்கம், நடுவில் போலீஸ் சுவர் என்றெல்லாம் பிரிப்பதில்லை. அப்பா ஒரு அணியின் சால்வை, மகள் எதிரணியின் சால்வை, பக்கத்துப் பக்கத்து சீட். மது வாடையே இல்லாத தனிப் பகுதிகளும் குடும்பங்களுக்கு உண்டு. பக்கத்தில் யாராவது வம்பு செய்தால், சத்தமில்லாமல் போனில் ஒரு மெசேஜ் தட்டினால் போதும், ஆள் வந்துவிடுவார். இதுவும் செக்யூரிட்டிதான். கண்ணுக்குத் தெரியாத வகை.

அந்த ஏற்பாட்டின் அழகான உதாரணம் 2022 மார்ச் 25, சிட்னி கிரிக்கெட் மைதானம். சிட்னி ஸ்வான்ஸ் அணியின் லான்ஸ் ஃபிராங்க்ளின் தன் 1,000-வது கோலை அடிக்கிறார். ஃபுட்டியில் அதுவரை அந்த எண்ணைத் தொட்டவர்கள் ஐந்தே பேர். பந்து கம்பத்தைத் தாண்டிய அடுத்த நொடி, பாதி கேலரி காலி. ஆயிரக்கணக்கானோர் வேலியைத் தாண்டிப் புல்லில் ஓடுகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்தவர், செல்ஃபி எடுப்பவர், காரணமே இல்லாமல் படுத்து உருளுபவர். ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றது.

மற்ற நாளில் மைதானத்துக்குள் இறங்கினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். அன்று அப்படி யாரும் நினைக்கக்கூட இல்லை. காரணம், கூட்டம் இறங்கும் என்று நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியும். 1999-ல் டோனி லாக்கெட் அதே மைதானத்தில் 1,300-வது கோல் அடித்தபோதும் இதுதான் நடந்தது. தடுக்கவே முடியாது என்று ஒப்புக்கொண்டு, வீரரை எப்படிப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது என்பதற்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி திருவிழா. டிசம்பரில் நூற்றுச் சொச்சம் பேர் இறங்கி ரத்தம். கூட்டத்தின் அளவு பிரச்னையே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. ஒன்றில், மக்கள் என்ன மனநிலையில் வருவார்கள் என்று யாரோ முன்னாலேயே உட்கார்ந்து யோசித்திருந்தார்கள். இன்னொன்றில், ஐந்து நாளாக அவர்கள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. வாளியை வீசியவருக்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் வாளிக்கு முன்னால் நடந்ததையும் பார்க்கத்தானே வேண்டும்?

சரி, ஃபுட்டிக்காரர்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவர்களா? இல்லவே இல்லை. 2019 ஜூன் மாதத்தைப் பாருங்கள்.

மெல்போர்னின் மார்வெல் ஸ்டேடியத்தில் திடீரென்று புது ஜாக்கெட் போட்ட ஆட்கள் நடமாட ஆரம்பித்தார்கள். முதுகில் ‘நடத்தை விழிப்புணர்வு அலுவலர்’ என்கிற மாதிரி ஒரு பதவிப் பெயர். யார் ரொம்பச் சத்தம் போடுகிறார் என்று கேலரியில் ஏறி இறங்கி நோட்டம் விடுவது அவர்கள் வேலை. அதே நாட்களில், ‘மொட்டைத்தலை வெத்துவேட்டு’ என்கிற அர்த்தத்தில் நடுவரைத் திட்டிய கார்ல்டன் அணி ரசிகர் ஒருவர் மைதானத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார். நாடு முழுக்க ஒரே கூத்து. நடுவரைத் திட்டாமல் ஃபுட்டி பார்ப்பது எப்படி என்று தாத்தாக்கள் டி.வி-யில் வந்து கேட்டார்கள். கடைசியில் லீக்கின் தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கண்காணிப்பு கொஞ்சம் ஓவராகிவிட்டது என்று.

இதே ஜூனில், இதே லீக் இன்னொரு மன்னிப்பும் கேட்டது. அது ஆடம் குட்ஸிடம்.

குட்ஸ் ஆஸ்திரேலியப் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர். சிட்னி ஸ்வான்ஸின் மாபெரும் வீரர். சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். 2013 மே மாதம் ஓர் ஆட்டத்தில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து 13 வயதுச் சிறுமி அவரைக் குரங்கு என்று கத்தினாள். அவர் விரலை நீட்டிக் காட்டினார். செக்யூரிட்டி சிறுமியை வெளியே அழைத்துப் போனார்கள். மறுநாள் குட்ஸ் சொன்னது, அவளைத் திட்டாதீர்கள், அவளுக்கு ஆதரவாக இருங்கள் என்று.

2014-ல் நாட்டின் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ விருது அவருக்குக் கிடைத்தது. இனவெறி பற்றி மேடைகளில் பேசினார். 2015-ல் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணி ரசிகர்களின் கேலரியிலிருந்து ‘பூ...’ என்று ஓர் ஊளை எழும்பியது. வாரா வாரம். ஊர் ஊராக. இதை எந்த செக்யூரிட்டி தடுப்பார்? யார் கையிலும் ஃப்ளேர் இல்லை. யாரும் வேலி தாண்டவில்லை. கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆட்டம் பிடிக்காததால்தான் கத்துகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ளலாம். விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. லீக் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தது. குட்ஸ் ஓர் ஆட்டத்துக்கு வராமலே இருந்தார். அந்த செப்டம்பரிலேயே ஓய்வும் அறிவித்தார். மைதானத்தைச் சுற்றிவந்து கையசைக்கும் வழக்கமான வழியனுப்புதல்கூட இல்லாமல்.

முன்னமே நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று லீக்கும் 18 கிளப்களும் சேர்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2019 ஜூனில். மொட்டைத்தலைக்குத் தடபுடலாக ஆள் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்ட அதே மாதம். தடுக்க வேண்டியதில் கை கட்டி நின்றதற்கு ஒரு ஸாரி, தடுக்க வேண்டாததில் பாய்ந்ததற்கு ஒரு ஸாரி. காவலுக்கு எத்தனை ஆள் போடுவது என்பதைவிட எதைக் காப்பது என்பதில்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

சாக்கர் ரசிகர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய கசப்பு ஒன்று உண்டு. கிரேக்கம், இத்தாலி, குரோஷியா என்று பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கிளப் கட்டி வளர்த்த விளையாட்டு அது. கேலரியில் கொடி, மேளம், பாட்டு எல்லாம் ஐரோப்பிய பாணி. அதைப் பார்த்தாலே சந்தேகப்படும் கண்கள் அங்கே எப்போதும் உண்டு. 2015 நவம்பரில் சிட்னி பத்திரிகை ஒன்று, மைதானத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட 198 ரசிகர்களின் பெயர்களைப் படங்களோடு அச்சடித்துவிட்டது. தடைக்கு என்ன ஆதாரம் என்று அவர்களால் கேட்க முடியாது. மேல்முறையீடு கிடையாது. காலையில் பேப்பரைப் பிரித்தால் பக்கத்து வீட்டுப் பையன் ரவுடி லிஸ்ட்டில். ரசிகர்கள் ஆட்டங்களிலிருந்து கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள், அடுத்த ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அதன் பிறகுதான் சங்கம் இறங்கி வந்து மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. அந்த வெளிநடப்பு பலித்தது. ஏழு வருடம் கழித்து அவர்கள் மறுபடி வெளிநடப்பைக் கையில் எடுத்ததில் ஆச்சரியம் என்ன?

மீதி ஆட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 5-ம் தேதி, விட்ட இடத்திலிருந்து, 22-வது நிமிடத்திலிருந்தே தொடங்கினார்கள். 1-0 என முன்னிலையில் இருந்த சிட்டி 2-1 என ஜெயித்தது. அந்த வருட ஃபைனல் அறிவித்தபடி சிட்னியில்தான் நடந்தது. ஆனால் அக்டோபரில் நிர்வாகம் அந்த முடிவையே கைவிட்டது. பட்டியலில் மேலே இருக்கும் அணியின் ஊரில் ஃபைனல் என்ற பழைய வழக்கம் திரும்பியது. வெளிநடப்புக்குக் கூடியவர்கள் கேட்டது அது மட்டும்தான்.

2025 மே 31-ம் தேதி ஃபைனல். பழைய ஒப்பந்தம் நீடித்திருந்தால், அதன் மூன்றாவது வருடம் என்பதால் இதுவும் சிட்னிக்குத்தான் போயிருக்கும். நடந்தது மெல்போர்னில். அதே ஆமி பார்க். மோதியவை அதே சிட்டியும் அதே விக்டரியும். கிட்டத்தட்ட 30,000 பேர் வந்திருந்தார்கள். சிட்டி 1-0 என ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

அன்றும் செய்தி போட்டது நான்தான். ‘சொந்த ஊரில் கோப்பை... மெல்போர்ன் ரசிகர்கள் குஷி!’ என்று தலைப்பு. மறுபடியும் பன்மை! தோற்றது விக்டரி என்பதால் அந்த 30,000 பேரில் பாதி நிச்சயம் குஷியில் இல்லை என்று கமென்ட்டில் ஒருவர் உடனே திருத்தினார்.