ஈதானே என்று இகழலாமா?

உயர்ந்த மலைகளில் புதிதாகக் கண்டெடுத்த ஓர் ஈயை விவரித்து எழுதுவதற்கே அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதுண்டு என்று உயிரியல் வகுப்பில் சகோதரி கூறியபோது வகுப்பே சிரித்தது. வேலையற்றிருப்பவரை 'ஈ ஓட்டுகிறார்' என்பதுதானே நம் வழக்கு! சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை எண்ணி நாணுகிறோம்.

சகோதரி சொன்னது பலகாரத்தில் மொய்க்கும் ஈயை அன்று. மலர்களை நாடும் சிர்ஃபிட் என்னும் ஈயை. ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் அசையாது நிற்கும். கண்ணிமைக்குமுன் வேறிடம் தாவும். மஞ்சளும் கறுப்புமான பட்டைகளைக் கண்டு குளவியென்று அஞ்சி நாம் விலகுவோம். பாவம், அதற்குக் கொடுக்கே கிடையாது. இக்குடும்பத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பல இனங்களின் புழுக்கள் அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காக்கின்றன. மலை உயர உயரத் தேனீக்கள் குறைந்துவிடும். அந்தக் குளிரில் பூக்கும் சிறு செடிகளுக்கு மகரந்தம் சுமந்து செல்பவை பெரும்பாலும் ஈக்களே.

சரி, அதை விவரிப்பதில் என்ன கடினம்? வலையில் பிடித்து, பெயரொன்று சூட்டிவிட்டால் முடிந்ததே என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படியன்று. பிடித்த ஈயை மெல்லிய ஊசியில் குத்தி, பிடித்த இடம், உயரம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சிறு சீட்டில் எழுதி அதன் கீழே கோக்க வேண்டும். சீட்டில்லாத ஈ, முகவரியில்லாத கடிதம். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் உணர்கொம்பின் வடிவம், முகத்தின் மேடு பள்ளம், கால் மயிரின் நிறம், இறக்கை நரம்புகளின் போக்கு என ஒவ்வொன்றையும் பார்த்து எழுத வேண்டும். இக்குடும்பத்து ஈக்களின் இறக்கையில் எந்த நரம்போடும் சேராமல் நடுவில் ஓடும் 'பொய் நரம்பு' ஒன்றுண்டு. அதைக் கொண்டே குடும்பத்தை இனங்காண்கிறார்கள்.

மலை ஈக்களில் மற்றொரு சிக்கல். கூட்டுப்புழுப் பருவத்தைக் குளிரில் கழித்த ஈ, அதே இனத்தைச் சேர்ந்த சமவெளி ஈயைவிடக் கறுத்துப் பிறப்பதுண்டு. கறுப்பாயிருக்கிறதே என்று அவசரப்பட்டுப் 'புதிய இனம்' என்று எழுதிவிட்டால், பின்னால் வருபவர் அதை அடித்துத் திருத்த வேண்டும். ஆகவே முன்னோர் விவரித்த மூல மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுதான் என்று உறுதியான பின்னரே பெயர். பெயர் பெற்ற அந்த ஓர் ஈயை அருங்காட்சியகத்தில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறார்கள்.

நம் நாட்டு மலர் ஈக்களை இப்படிப் பொறுமையாக விவரித்தவர்களுள் ஒருவர் என்ரிகோ புருனெட்டி. இசையைத் தொழிலாகக் கொண்டவர். கல்கத்தாவில் தங்கிப் பூச்சிகளை ஆராய்ந்தார். 1908இல் அவர் பெயரிட்ட ஓர் ஈக்கு இமயத்தின் பெயரே அமைந்தது: எரிஸ்டாலிஸ் ஹிமாலயென்சிஸ். 1923இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இந்திய மலர் ஈக்கள் வரிசையாக இடம்பெற்றன.

விவரிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? ஈயை விட்டு ஒரு சிலந்தியைச் சொல்கிறோம். 1924இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் மருத்துவராயிருந்த ஹிங்ஸ்டன், சுமார் 6,700 மீட்டர் உயரத்தில் சிறிய தாவும் சிலந்திகளைக் கண்டெடுத்தார். அவ்வினம் விவரிக்கப்பட்டுப் பெயர் பெற்றது 1975இல். 51 ஆண்டுகள்! இது அரிதான நிகழ்ச்சியுமன்று. ஓர் உயிர் முதலில் கைக்குக் கிடைப்பதற்கும் அது விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. எவரெஸ்டில் ஏறியோரின் பெயரை நாம் பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்கிறோம். சிலந்தியைப் பொறுக்கியவரை யார் கேட்டார்?

இந்த ஈக்களுக்குக் குடும்பப் பெயர் தந்தவரின் கதை நம் போன்றோர் அறிய வேண்டியது. அவர் பிரான்சு நாட்டுக் குருவான லாத்ரேய். புரட்சிக் காலத்தில் குரு என்பதற்காகவே சிறைப்பட்டார். சிறையின் தரையில் ஒரு சிறு வண்டைக் கண்டு, உயிர் போகும் நிலையிலும் அதைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். வியந்த மருத்துவர், பூச்சிகளில் ஆர்வமுள்ள ஓர் இளைஞனிடம் அந்த வண்டைக் கொண்டு சேர்த்தார். லாத்ரேயின் எழுத்துகளை முன்பே அறிந்திருந்த அவன் முயன்று அவரை விடுவித்தான். அவனுக்கு அப்போது வயது 15 அளவே. நம் பத்தாம் வகுப்புச் சகோதரிகளின் வயது. உயிர் தப்பிய லாத்ரேய் 1802இல் சிர்ஃபிடே என்னும் இக்குடும்பத்தை வகுத்தார்.

ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டதைத் திருமறையில் படிக்கிறோம். அவ்வேலை இன்னும் முடியவில்லை என்பதே எங்கள் கருத்து. பூமி வெப்பமடைய, சமவெளி உயிர்கள் மேலே ஏறிப் பிழைக்கலாம். சிகரத்தில் வாழும் ஈ எங்கே ஏறும்? பெயரே பெறாமல் அது மறைந்தால், மறைந்ததென்று எழுதி வைக்கவும் இயலாது.

பெற்றோர்க்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம். பதிவேட்டில் பூச்சியின் படத்தைப் புத்தகத்திலிருந்து பார்த்து வரைந்து, நிறம் தீட்டி, மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். பூச்சியை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு பூச்சியையாவது தாமே பார்த்து, காலை எண்ணி, நாளும் இடமும் குறித்து, சொந்தச் சொற்களில் விவரிக்கும் பயிற்சியைச் செய்முறையில் சேர்க்கலாகாதா? தமிழ் வகுப்புக்கும் அது பயன்படும். 'அழகான பூச்சி' என்று எழுதித் தப்பிக்க முடியாது!

மாதா கெபியருகே துளசி பூத்திருக்கிறது. வெயில் ஏறுமுன் அங்கே நின்று பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை மூன்று வகை மலர் ஈக்களைக் குறித்திருக்கிறோம். மூன்றாவது வகை தனி இனமா, முதல் வகையின் பெண்ணா என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. பொய் நரம்பைக் காணவோ எங்களிடமுள்ள லென்ஸ் போதவில்லை.