தொலைந்த துணிக்கு யார் பொறுப்பு?

பெருநாள் காலம் நெருங்கும்போது மலேசியாவில் உள்ள சலவைக் கடைகளில் துணிகள் மலைபோல் குவிகின்றன. பட்டுச் சேலை, ஜிப்பா, பாஜு மெலாயு, கோட்டு என வீட்டில் துவைக்க இயலாத உடைகளைப் பலர் உலர்சலவைக்குக் கொடுக்கின்றனர். கடைக்காரர் ஒரு சிறிய பற்றுச்சீட்டைத் தருகிறார். குறித்த நாளில் துணி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு வாடிக்கையாளர் வீடு திரும்புகிறார். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. சில வேளைகளிலோ, "தேடிப் பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதில்தான் கிடைக்கிறது. அடுத்த வாரமும் அதே பதில். இறுதியில், பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட ஒரு வரியைக் கடைக்காரர் சுட்டிக்காட்டுகிறார்: "தொலைந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது."

அந்த வரியைக் கண்டதும் பலர் வாயடைத்துப் போகின்றனர். ஒரு சேலைக்காகச் சண்டையா என்று சிலர் தயங்குகின்றனர். அச்சிட்டுவிட்டால் அதுவே சட்டம் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவது பெருந்தன்மை போலத் தோன்றலாம். உண்மையில் அதனால் யாருக்கும் நன்மை இல்லை. தொலைந்த துணிக்கு இழப்பீடு கேட்பது பயனீட்டாளரின் உரிமை. அதை முறையாகவும் அளவோடும் கேட்பது அவருடைய கடமை.

சலவைக்குக் கொடுக்கப்பட்ட துணி, கடையில் இருக்கும்போதும் வாடிக்கையாளரின் சொத்துதான். கடைக்காரர் அதைச் சிறிது காலம் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார், அவ்வளவே. இவ்வாறு பிறர் பொருளைப் பொறுப்பில் பெறுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவு கூறுகிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம்முடைய பொருளை எவ்வளவு கவனத்துடன் பாதுகாப்பாரோ, அதே கவனத்துடன் பிறர் பொருளையும் பாதுகாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இது தமிழர்களுக்குப் புதிய கருத்தன்று. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே கருதி நடப்பதுதான் நல்ல வாணிகம் என்று நடுவு நிலைமை அதிகாரத்தில் திருவள்ளுவர் என்றோ சொல்லிவிட்டார்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. சேவை வழங்குபவர் நியாயமான கவனத்துடனும் திறனுடனும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும் ஒவ்வொரு சேவையிலும் அடங்கியுள்ளதாக அச்சட்டத்தின் 53ஆம் பிரிவு கூறுகிறது. கவனக்குறைவால் ஏற்படும் இழப்பிலிருந்து, தக்க காரணமின்றி வணிகர் தம்மை விடுவித்துக்கொள்ளும் நிபந்தனை நியாயமற்றது எனக் கருதப்படவும் அச்சட்டம் இடமளிக்கிறது. எனவே, பற்றுச்சீட்டில் உள்ள அந்தப் பொடி எழுத்து இறுதித் தீர்ப்பு அன்று. அது கடைக்காரரின் விருப்பம் மட்டுமே. விருப்பங்களை எல்லாம் அச்சிட்டுவிட்டால் அவை சட்டமாகிவிடா.

"துணி எப்படித் தொலைந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை" என்பது கடைக்காரர்கள் கூறும் மற்றொரு பதிலாகும். இதற்கு 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நல்ல விளக்கம் தருகிறது. ஒரு தம்பதியர் 900 பவுண்டு மதிப்புள்ள சீனக் கம்பளம் ஒன்றைத் துப்புரவு செய்யக் கொடுத்தனர். கம்பளம் திரும்பி வரவே இல்லை. தாங்கள் 40 பவுண்டு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நிறுவனத்தார் தங்கள் நிபந்தனையைக் காட்டி வாதிட்டனர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொருள் யார் பொறுப்பில் இருந்ததோ அவரே அதற்கு என்ன நேர்ந்தது என்று விளக்க வேண்டும். விளக்க இயலாதபோது அந்த நிபந்தனையின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று நீதிபதிகள் கருதினர். இதில் உள்ள நியாயம் எளிது. கடையின் உள்ளே என்ன நடந்தது என்பதைக் கண்டறியும் வாய்ப்புக் கடைக்காரருக்கே உண்டு. வெளியே காத்திருக்கும் வாடிக்கையாளர் அதை எப்படி அறிவார்?

கடைக்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சிறிய கூலிக்கு வேலை செய்யும் கடை, விலையுயர்ந்த சேலைக்கு முழு இழப்பீடு கொடுத்தால் பல நாள் வருமானத்தை இழக்க நேரிடும். இந்தக் கவலை உண்மையானதுதான். ஆயினும், அதற்குத் தீர்வு பொறுப்பைத் தட்டிக் கழிப்பதன்று. துணியை வாங்கும்போதே அதன் மதிப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். விலை மிகுந்த உடைகளுக்குத் தனி அடையாளச் சீட்டு இடலாம். காப்புறுதி எடுக்கலாம். பாதுகாக்க இயலாத துணியை ஏற்க மறுக்கவும் கடைக்கு உரிமை உண்டு. ஏற்றுக்கொண்ட பிறகு கை விரிப்பதுதான் முறையன்று.

அப்படியானால் எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்? இங்கே வாடிக்கையாளரும் நடுநிலை தவறக் கூடாது. ஐந்து ஆண்டுகளாக உடுத்திய சேலைக்குப் புதுச்சேலையின் விலையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. வாங்கிய விலை, பயன்படுத்திய காலம், துணியின் நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டே தொகையைக் கூற வேண்டும். பாட்டி கொடுத்த சேலை என்றால் அதில் பாசமும் நினைவும் கலந்திருக்கும். அவற்றுக்கு எந்தப் பணமும் ஈடாகாது என்பதாலேயே அவற்றைப் பணமாக மாற்றிக் கேட்கவும் இயலாது. அத்தகைய இழப்புக்கு மனம் வருந்திக் கேட்கப்படும் மன்னிப்பே ஓரளவு ஆறுதல் தரும்.

அளவு மீறினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த ஒரு வழக்குச் சான்றாகும். 2005ஆம் ஆண்டில், சலவைக் கடையில் கொடுத்த தம் கால்சட்டை தொலைந்துவிட்டது, கடைக்காரர் வேறொன்றைத் தருகிறார் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். கடைக்காரர் சமாதானமாகப் போக 12,000 டாலர் வரை கொடுக்க முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. அவர் கேட்ட தொகை ஒரு கட்டத்தில் 67 மில்லியன் டாலரை எட்டியது. 2007ஆம் ஆண்டில் வழக்கு அவருக்கு எதிராக முடிந்தது. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்து உழைத்துக் கடை நடத்திய ஒரு குடும்பம் ஈராண்டுகள் அலைக்கழிந்ததுதான் மிச்சம். உரிமை பேராசையாக மாறும்போது அதன் வலிமையை இழந்துவிடுகிறது.

இழப்பீடு கேட்பதற்கு ஒரு முறையும் உண்டு. முதலில் கடை உரிமையாளரிடமே பணிவாக, ஆனால் உறுதியாகப் பேச வேண்டும். கோபத்தில் முகப்பில் நிற்கும் பணியாளரைத் திட்டுவதால் பயனில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. பேசியது பலன் தராவிட்டால், கடிதம், மின்னஞ்சல் அல்லது புலனம் வழியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த நாளில் எந்தத் துணி கொடுக்கப்பட்டது, அதன் மதிப்பு என்ன, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பவற்றை அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பற்றுச்சீட்டின் படத்தையும், இருந்தால் துணி வாங்கிய ரசீதையும், துணியை உடுத்தி எடுத்த நிழற்படத்தையும் இணைப்பது நல்லது.

அதற்கும் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். இழப்பு ஏற்பட்ட மூன்று ஆண்டுகளுக்குள் அங்கு மனுச் செய்ய வேண்டும். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். பொதுவாக அங்கு வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை. ஆகவே, வசதி படைத்த நிறுவனமும் சாதாரண வாடிக்கையாளரும் சம நிலையில் நின்று பேசலாம். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும். ஓர் உணவுப் பொட்டலத்தின் விலைக்குள் நீதி கேட்கும் வாய்ப்பு இருக்கும்போது, "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவது சரியாகுமா?

இந்த உரிமையைப் பயன்படுத்த விரும்புவோர் தம் பங்கையும் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டில் "துணி 3" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், தொலைந்தது பட்டுச் சேலையா பழைய சட்டையா என்று எப்படி நிறுவுவது? "சிவப்புப் பட்டுச் சேலை 1" என்று எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. துணியைக் கொடுக்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். பைகளில் பணமோ நகையோ உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் சென்று துணியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பல மாதம் கழித்துச் சென்று கேட்பவரின் கோரிக்கை வலுவிழந்துவிடும். காசு போட்டுத் தாமே துவைத்துக்கொள்ளும் தானியங்கிச் சலவை நிலையங்களின் நிலை வேறு. அங்குத் துணியை யாரும் பொறுப்பேற்று வாங்குவதில்லை. ஆகவே, இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு வெகுநேரம் வெளியே செல்வோர் அதன் பாதுகாப்பைத் தாமே கருத வேண்டும்.

ஒருவர் கேட்காமல் விட்டால் இழப்பு அவரோடு முடிவதில்லை. கடையின் கவனக்குறைவு அப்படியே தொடரும். அடுத்த வாரம் மற்றொருவரின் திருமணச் சேலை தொலையும். ஒரு மாணவனின் சீருடைக் கோட்டு பரிசளிப்பு விழாவிற்கு முந்திய நாள் காணாமற்போகும். மாறாக, ஒருவர் நியாயமாகக் கேட்டு, கடையும் நியாயமாகக் கொடுத்தால், நாளை அந்தக் கடையில் ஒவ்வொரு துணிக்கும் அடையாளச் சீட்டு ஏறும். அதனால் பயன்பெறுவோர் யார் யாரென்று கேட்டவருக்குக்கூடத் தெரியாது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆயினும், அழுவதைவிடத் தெளிவாகக் கேட்பது நல்லது. தன் பொருளுக்காக மரியாதையோடு குரல் கொடுக்கத் தெரிந்தவர், நாளை பிறர் பொருளைத் தம் பொறுப்பில் ஏற்கும்போதும் அதன் அருமையை உணர்ந்து நடப்பார்.