பழைய பக்கத்திற்குப் படிப்பவரா பொறுப்பு?

இணையத்தளம் அமைக்கும் நம் இளைஞர் சிலரிடையே ஒரு வழக்கம் வேரூன்றி வருகின்றது. பக்கத்தில் பழைய செய்தியே தெரிகிறது என்று யாரேனும் முறையிட்டால், "உங்கள் உலாவியின் சேமிப்பை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்று ஒரே வரியில் விடையிறுத்து விடுகின்றனர். மருந்து சொல்லிவிட்ட நிறைவு அவர்களுக்கு. தாமே ஏதோ தவறிழைத்துவிட்ட கூச்சம் கேட்டவர்க்கு. இவ்விடை முறையன்று, தொழிலறம் உணர்ந்தோர் சொல்லத் தகுந்ததும் அன்று.

உலாவி ஒரு முறை பெற்ற பக்கத்தையும் படத்தையும் நிரலையும் தன்னிடம் சேர்த்து வைக்கின்றது. இச்சேமிப்பையே கேஷ் என்பர். இது குறையன்று, சிக்கனம். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் கடைக்கு ஓடி அரிசி வாங்குவார் உளரோ? வீட்டில் இருப்பதை எடுத்துச் சமைப்பதே முறை. ஆயினும், எத்துணை நாள் வைத்திருக்கலாம் என்பதைப் பொருளைக் கொடுப்பவரன்றோ குறித்துத் தரல் வேண்டும்? அவ்வாறு குறிக்கும் வழி இல்லாமலில்லை. 1996இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 விதிநூலிலேயே காலாவதி நாளைக் குறிக்க இடமிருந்தது. 1997இல் வந்த 1.1 பதிப்பு கேஷ்-கன்ட்ரோல் என்னும் விரிவான கட்டளையைத் தந்தது. இன்று நடைமுறையிலுள்ள ஆர்.எஃப்.சி. 9111 என்னும் விதிநூல் 2022இல் வெளியானது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கையிலிருக்கும் கருவியைப் பயன்படுத்தாதவர், படிப்பவரைப் பழித்தல் எங்ஙனம் தகும்?

தளம் அமைத்தவர் ஒன்றும் கூறாது விடின் என்ன நேரும்? உலாவி தானே ஊகித்துக்கொள்ளும். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டு எத்தனை நாளாயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்குக் காலம் அதனைப் புதியதாகவே கொள்ளலாம் என்பது விதிநூல் எடுத்துக்காட்டும் வழக்கமான அளவு. ஐம்பது நாள் மாறாதிருந்த பக்கத்தை இன்று ஒருவர் பார்த்தால், இன்னும் ஐந்து நாள் வரை அவர் பழையதையே காணக்கூடும். ஆக, வாய் திறவாமையும் ஒரு கட்டளையே. அக்கட்டளையை இட்டவர் தளம் அமைத்தவரே.

ஒரு தமிழ்ப்பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். ஒன்றாம் ஆண்டு மாணவர்க்கான அறிமுக நாள் மாற்றப்பட்டது. தளத்தைப் பராமரித்தவர் புதிய அட்டவணைப் படத்தைப் பழைய படத்தின் பெயரிலேயே ஏற்றினார். அப்படத்திற்கோ முன்னரே 25,92,000 நொடி, அஃதாவது முப்பது நாள் ஆயுள் விதிக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தாய் ஒருவர் முதல் அறிவிப்பு வந்த அன்றே அதனைப் பார்த்திருந்தார். மீண்டும் பார்த்தபோதும் அவருடைய கைத்தொலைபேசி பழைய படத்தையே காட்டிற்று. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வந்தவரை வரவேற்றது பூட்டிய மண்டபம். அவருக்குக் கிடைத்த விளக்கம், சேமிப்பை அழித்திருக்க வேண்டும் என்பது. பக்கத்தை மீளேற்றினாலாவது போதுமோ எனின், அதுவும் உறுதியில்லை. 2017 முதல் குரோம் உலாவி, மீளேற்றும்போது முதன்மைப் பக்கத்தையே வழங்கியிடம் கேட்டுச் சரிபார்க்கின்றது. ஆயுள் முடியாத படங்களைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. இதனை அத்தாய் எங்ஙனம் அறிவார்? ஏன் அறிதல் வேண்டும்?

"என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது" என்பார் அமைப்பாளர். தெரியத்தான் செய்யும். வேலை செய்யும் போது உலாவியின் உருவாக்கக் கருவியில் சேமிப்பை முடக்கி வைத்துக்கொள்வது அவர்தம் வழக்கம். ஊரார் காணும் பக்கம் வேறு, அவர் காணும் பக்கம் வேறு. விடைத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதிய மாணவன், தேர்வு எளிதென்று கூறுவது போன்றது அது.

இனி, மறுகோடிக்கு ஓடுவாரும் உளர். ஒரு முறை சூடுபட்டதும், எதனையும் சேமிக்காதே எனப் பொருள்படும் நோ-ஸ்டோர் கட்டளையை எல்லாக் கோப்புகட்கும் இட்டுவிடுவர். இதுவும் பிழையே. முன்பணம் கட்டி இணையத் தரவு வாங்கும் ஏழைக் குடும்பம், அதே பள்ளிச் சின்னத்தையும் அதே எழுத்துருவையும் ஒவ்வொரு முறையும் புதிதாக விலை கொடுத்துப் பெற வேண்டியதாகிறது. அமைப்பாளரின் அச்சத்திற்குத் தண்டம் செலுத்துவது அக்குடும்பம்.

நேரிய வழி யாது? மாறக்கூடிய பக்கத்திற்கு நோ-கேஷ் கட்டளை இடுக. பெயரைக் கண்டு மயங்கற்க. அது சேமிக்காதே என்பதன்று, கேளாமல் பயன்படுத்தாதே என்பதே. உலாவி தன்னிடமுள்ள கோப்பின் அடையாளக் குறியைக் காட்டிக் கேட்கும். மாற்றமில்லையெனில் வழங்கி 304 என்னும் குறுவிடையோடு நிறுத்திக்கொள்ளும். பக்கம் முழுதும் மீண்டும் வருவதில்லை. படத்திற்கும் நிரலுக்கும் தோற்றக் கோப்புக்கும், உள்ளடக்கம் மாறுந்தோறும் பெயரையும் மாற்றுக. பெயர் மாறினால் உலாவிக்கு அது புதுக் கோப்பே. ஆதலின் 3,15,36,000 நொடி, அஃதாவது ஓராண்டு ஆயுள் தரினும் தீங்கில்லை. பெயரை மாற்றாமல் ஓராண்டு ஆயுள் தருதலோ எய்த அம்பை ஒக்கும். பிறர் கருவியிற் சென்று தங்கிய கோப்பை நாம் நினைத்த மாத்திரத்தில் திரும்பப் பெற இயலாது. மாணவர் மதிப்பெண் போன்ற தனிச்செய்திக்கு மட்டும் நோ-ஸ்டோர் இடுக. அதற்குரிய இடம் அதுவே.

சிறு பள்ளியின் தளத்திற்கு இத்துணைக் கட்டுப்பாடு வேண்டுமோ என வினவுவர் சிலர். வைட், வெப்பேக் போன்ற உருவாக்கக் கருவிகள் கோப்பின் பெயரோடு உள்ளடக்கக் குறியைத் தாமே சேர்த்துத் தரவல்லன. கையால் தளம் அமைப்பவர்க்கோ, 'அட்டவணை' என்றிருந்ததை 'அட்டவணை-2' எனப் பெயரிட்டுப் பக்கத்திலும் அதனையே சுட்டுவது ஒரு நிமிட வேலை. பாடநூலைத் திருத்தினால் திருத்திய பதிப்பு என அட்டையில் அச்சிடுகின்றோம். பழைய நூலை வைத்திருக்கும் மாணவனைப் பார்த்து, உன் புத்தகப் பையை எரித்துவிட்டு வா என்று எந்த ஆசிரியரும் கூறுவதில்லை.

செய்தியை வெளியிடுவோர் எவராயினும், அது எதுவரை செல்லும் என்பதைச் சொல்லும் கடமையும் அவரதே. தமிழில் தளம் அமைக்க முன்வரும் இளைஞர்காள், உங்கள் முயற்சி போற்றுதற்குரியது. ஆயின் உங்கள் பக்கத்தை நம்பி ஒரு நாள் கூலியை இழப்பவர், உங்களிடம் தொழில்நுட்பம் கற்க வந்தவர் அல்லர்; தம் பிள்ளையைப் படிக்க வைக்க வந்தவர். "சேமிப்பை அழியுங்கள்" என்னும் தொடரை உங்கள் வாயினின்று முதலில் அழியுங்கள்.