முறைசொல்லி அழைப்பதே வரவேற்பு

உறவு குருதியால் மட்டும் அமைவதன்று; சொல்லாலும் அமைவது. பிறந்த குழவிக்கு உறவைக் குருதி தருகின்றது. மணம்புரிந்து புகுந்தவர்க்கு உறவைத் தருவது சொல்லே. மாலையும் தாலியும் பதிவேட்டுக் கையெழுத்தும் ஒரு பெண்ணை ஒருவனுக்கு மனைவியாக்கும். ஆனால் ஒரு சுற்றத்துக்கே அவளை உறவாக்க வேண்டுமெனில், அச்சுற்றத்தின் மூத்தவள் ஒருத்தி 'வா, மருமகளே!' என்று வாயார அழைத்தல் வேண்டும். இவ்வெளிய உண்மையைத் தமிழர் மறந்து வருகின்றனர். அம்மறதி இருவகைப்படும். முறைச்சொற்களையே தொலைத்துவிடுதல் ஒன்று. சொற்களை நெஞ்சில் வைத்துக்கொண்டே வாய்திறவாதிருத்தல் மற்றொன்று. முன்னது வருந்தத்தக்கது, பின்னது நாணத்தக்கது.

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருவழியில் அமைந்தது சமயநல்லூர். அதனையடுத்து வைகைக் கரையில் உள்ளது தேனூர். மேழத் திங்களில் (சித்திரையில்) சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் பிழைப்புக்கெனக் குடியேறியோர் இப்பகுதிச் சிற்றூர்களுக்குத் திரும்பிவந்து குழுமுவர். தொடர்வண்டியிலும் பேருந்திலும் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்குவோருள், அவ்வாண்டு மணம்முடித்துக் கணவன்வீட்டுச் சுற்றத்தை முதன்முறை காணவரும் புதுப்பெண்ணும் இருப்பாள். மாமனார் வீட்டு விருந்துக்கு வரும் புதுமாப்பிள்ளையும் இருப்பான். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் அவர்களைக் கண்டதும் பெயரைக் கேட்பதற்கு முன்னே, 'எனக்கு என்ன முறை வேண்டும்?' என்றுதான் கேட்பார். பெயர் ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவது; முறை அவரைப் பிறரோடு சேர்த்துக் காட்டுவது. இவ்வேறுபாட்டைப் படியாத முதியவரும் அறிந்திருக்கின்றார் அன்றோ?

தேனூர் பழம்பேரூர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய தேனூர் இதுவே என்பர் ஆய்வாளர். அழகர்மலையினின்று இறங்கிவரும் அழகர் முன்னாளில் வைகையில் இறங்கியது இத்தேனூரில்தான். மதுரையில் அங்கயற்கண்ணிக்கும் சொக்கர்க்கும் நிகழும் திருமண விழாவோ அக்காலத்தில் கும்பத் திங்களில் (மாசியில்) நடைபெற்று வந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் திருமண விழா மேழத்திற்கு மாற்றப்பெற்றது. தேனூரில் நிகழ்ந்த ஆற்றிறக்கமும் மதுரைக்கு மாற்றப்பெற்றது. வண்டியூரையடுத்து வைகையில் உள்ள மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர் தாங்கி நிற்கின்றது.

தனித்தனியே நின்ற இரு விழாக்கள் இணைந்தபின், மக்கள் அவற்றை ஒரு குடும்பத்தின் கதையாகக் கட்டிக்கொண்டனர். தங்கையின் திருமணத்துக்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், வழிநெடுக மண்டகப்படிதோறும் நின்று வந்ததால் காலந்தாழ்ந்தான். ஆற்றை அடைந்தபோது மணம் முடிந்துவிட்டதெனக் கேட்டான். ஊருக்குள் புகாமலே சினந்து திரும்பினான் என்பது அக்கதை. இது மக்கள் வழக்கு. கோயில் வழக்கு வேறு: மணநாளன்று பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தங்கையை நீர்வார்த்துக் கொடுக்கின்றார், முருகனும் தெய்வயானையோடு வருகின்றான். பெற்றோரின் திருமணத்துக்கு மகன் மருமகளோடு வருவது எங்ஙனம் என்று மதுரை மக்கள் எவரும் வினவியதில்லை. சுற்றம் முழுதும் கூடாத திருமணம் திருமணமாகாது என்பதே அவர்தம் கருத்து. ஆற்றினின்று மீளும் அழகர் வண்டியூரில் தங்கும் இரவைத் துலுக்க நாச்சியாரின் வீட்டில் கழிக்கின்றார் என்பது மற்றுமொரு மக்கள் வழக்கு. அழகர்கோயில் பற்றித் தொ. பரமசிவன் ஆய்ந்தெழுதி 1989இல் வெளிவந்த நூலில் இத்தகைய நாட்டார் வழக்குகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

இக்கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அவற்றைக் கட்டிய மக்களின் உள்ளத்தைக் காணத் தவறலாகாது. ஒரு திருமணத்தில் உடன்பிறந்தானுக்கு உரிய இடம் கிடைக்காமற் போனால் அது தெய்வத்துக்கும் பொறாது என்று அவர்கள் எண்ணினர். சமயம் வேறான ஒரு பெண்ணையும் தம் தெய்வத்தின் உறவு வட்டத்துக்குள்ளேயே வைத்துப் போற்றினர். உறவுக்கு உரிய மதிப்பு, வேற்றவர்க்கும் திறந்த வாயில் ஆகிய இரண்டையும் ஒரே விழாவில் கண்ட மக்கள் இவர்கள்!

இம்மனப்பாங்குக்கு அடித்தளமாய் இருப்பது தமிழின் முறைப்பெயர் அமைப்பு. தொல்காப்பியர் பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர் என்பவற்றோடு முறைப்பெயரையும் தனி வகையாக வைத்து ஓதினார். கழகக்காலத் தமிழில் தன் தாய் 'யாய்' எனவும், முன்னிற்பாளின் தாய் 'ஞாய்' எனவும், பிறர் தாய் 'தாய்' எனவும் வேறு வேறு சொல்லால் வழங்கப்பட்டனர். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அவ்வாறே. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் செம்புலப்பெயனீரார் இச்சொற்களையே கொண்டு, முன்னர் எவ்வுறவும் இல்லாத இரு குடியினர் அன்பால் கலந்ததைப் பாடினார். ஆகவே, உறவே இல்லாதார் உறவாதல் தமிழர்க்குப் புதிதன்று.

வழக்குச் சொற்களை நோக்குக. 'மருமகள்' என்பதில் நிற்பது 'மகள்' என்னும் சொல். 'மரு' என்பதை மருவுதல், அஃதாவது கலத்தல், என்பதன் அடியாகக் கொண்டு, வந்து கலந்த மகள் எனப் பொருள் காண்பர் புலவர். உடன்பிறந்தார் இருவரின் மனைவியர் ஒருவர்க்கொருவர் 'ஓரகத்தி'. ஓர் அகத்தினள் என்பது அதன் வெளிப்படைப் பொருள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வீட்டில் பிறந்த இரு பெண்களை ஒரே வீட்டினர் என்று ஆக்கிவிடுகின்றது அச்சொல். கணவனின் தாய் 'அத்தை'. தந்தையோடு பிறந்தவளும் 'அத்தை'. மனைவியின் தந்தை 'மாமன்'. தாயோடு பிறந்தவனும் 'மாமன்'. முன்பின் அறியாத ஒருத்தி மணத்தால் உறவானாலும், பிறந்த நாள்முதல் தூக்கி வளர்த்த அத்தைக்கு உரிய அதே சொல் அவளுக்கும் கிடைக்கின்றது. மைத்துனன், கொழுந்தன், மதினி, நாத்தனார் என ஒவ்வொரு சொல்லும் ஓர் இருக்கையையும் ஒரு கடமையையும் காட்டுகின்றது. யார் சீர்செய்வது, யாரிடம் கேலிபேசலாம், யார்முன் அடங்கியிருத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அச்சொற்களுள் அடங்கியுள்ளன.

இவ்வளவு நுண்ணிய செல்வத்தை வைத்துக்கொண்டு, சிற்றப்பனையும் மாமனையும் அண்டைவீட்டானையும் ஒருசேர 'அங்கிள்' என்றும், சிற்றன்னையையும் அத்தையையும் கடைக்காரியையும் ஒருசேர 'ஆன்ட்டி' என்றும் பிள்ளைகளை அழைக்கப் பழக்குதல் எவ்வளவு பெரிய ஏமாளித்தனம்! ஆங்கிலேயர் மருமகளைச் சட்டத்தின்வழி மகள் என்னும் பொருள்படவே குறிக்கின்றனர். அது அவர்தம் வழக்கு. அதனை இகழ வேண்டுவதில்லை. ஆனால் மருவிய மகளை உடையவன் சட்டத்து மகளைக் கடன்வாங்குவானேன்?

இனி, இரண்டாவதாகக் கூறிய மறதிக்கு வருவோம். சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தும், வந்தவள் வேறு சாதியினள் என்ற ஒரே காரணத்தால் அவற்றைச் சொல்ல மறுக்கும் குடும்பங்கள் பல. அம்மறுப்பு பெரும்பாலும் கூச்சலாக வெளிப்படுவதில்லை. கூட்டத்துக்கு அவர்களை அழைப்பார்கள்; இலைபோட்டு உணவும் இடுவார்கள். ஆனால் அவளை எவரும் மருமகள் என்னார், மதினி என்னார், 'அந்தப் பெண்' என்பார், 'வந்தவள்' என்பார். விளக்கேற்றவோ மஞ்சள் கொடுக்கவோ முறைவைத்துப் பெண்களை அழைக்கும்போது அவள் முறை வருவதில்லை. அவளைப் பெற்றோர்க்குக் கொண்டோர் கொடுத்தோர் என்னும் இருக்கை கிடைப்பதில்லை. ஓராண்டு, ஈராண்டு பொறுத்தபின் அவ்விணையர் ஊர்ப்பக்கம் வருவதையே விட்டுவிடுகின்றனர். பிறகு, 'பட்டணம் போனவன் சுற்றத்தை மறந்தான்' என்று அவன்மேலேயே பழி கூறுகின்றனர்! மறந்தவன் அவனா? வாய்திறவாத சுற்றமா?

வாய்திறவாமையின் மறு எல்லை கொலை. 2016 மார்ச்சுத் திங்களில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி மறுத்து மணந்த இணையர் பட்டப்பகலில் வெட்டப்பட்டனர், இளைஞன் உயிர்நீத்தான். மருமகன் என்று அழைக்கப்பட்டிருக்க வேண்டியவன் வெட்டுண்டு கிடந்தான். இக்கொடுமை அரிதாக நிகழ்வது என்று ஒதுக்குவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெட்டரிவாளை எடுப்பவர் சிலர்தாம். ஆனால் 'அவன் நம்மவன் அல்லன்' என்று திண்ணைகள்தோறும் பேசி, அவ்வரிவாளுக்குத் துணிவு ஊட்டுவோர் பலர்.

சட்டம் தன் பங்கைச் செய்துள்ளது. மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928ஆம் ஆண்டு பெரியார் தலைமையில் முதல் தன்மதிப்புத் திருமணம் நடந்தது. அத்தகைய திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. அண்ணா முதல்வராய் இருந்தபோது 1967இல் இயற்றப்பெற்ற திருத்தச் சட்டம், உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிருக்க, மாலை மாற்றியோ கணையாழி அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. முன்னர் நடந்தவற்றுக்கும் அது பொருந்துமாறு செய்தது. அகவை நிரம்பிய இருவர் மணக்கக் குடும்பத்தின் இசைவோ குலத்தின் இசைவோ வேண்டியதில்லை என்று உச்சநயன்மன்றம் 2018இல் கூறியது. தன்மதிப்புத் திருமணத்துக்கு ஊரறிய விளம்பரம் வேண்டியதில்லை என்று 2023இல் தெளிவுபடுத்தியது. இத்தனையும் நன்றே. ஆயினும் எச்சட்டமும் ஓர் அத்தையின் வாயில் 'மருமகளே' என்னும் சொல்லை வைக்க இயலாது. அது சுற்றத்தார் தாமே செய்யவேண்டிய கடன்.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். 'முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று உறவுக்குள்ளேயே மணத்தை அடைத்துவைத்ததும் இம்முறைப்பெயர்களே, சாதிக்கு வேலி கட்டியதும் அவையே, அவற்றையா போற்றுவது?' என்பர். அவ்வாறு அவை பயன்படுத்தப்பட்டமை உண்மை. முறைகாட்டிப் பெண்ணைக் கட்டாயப்படுத்திய கொடுமைகளும் உண்டு. ஆனால் அது சொல்லைப் பிடித்தவர் குற்றமேயன்றிச் சொல்லின் குற்றமன்று. மருமகள் என்னும் சொல்லில் சாதி எங்கே உள்ளது? மாமன் என்னும் சொல் எந்தச் சாதிக்குத் தனியுடைமை? மதுரைச் சந்தையில் முன்பின் அறியாதவரும் ஒருவரையொருவர் 'அண்ணே' என்றும் 'மாமா' என்றும் அழைத்துக்கொள்கின்றனர். தெருவில் போவார்க்குத் தாராளமாகக் கொடுக்கும் சொல்லை வீட்டுக்கு வந்தவளுக்கு மறுப்பது முறையாகுமா?

'சொல் அழைத்தால் போதுமா? மருமகளே என்று அழைத்துக்கொண்டே நகையும் பணமும் கேட்பார் இல்லையா?' என்பது மற்றொரு தடை. இருக்கின்றனர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தும் அப்பிணி நீங்கவில்லை. மணக்கொடை கேட்கும் வாய் மகள் என்னும் சொல்லைச் சொல்லத் தகுதியற்றது. எனவே முறைச்சொல்லுக்குரிய நடத்தையும் உடன்வருதல் வேண்டும். அத்தை என்று அழைக்கப்பெற விரும்புவாள் அத்தையாக நடந்துகொள்ளக் கடவாள்.

செய்யத்தக்கன எளியவை, செலவற்றவை. சுற்றம் கூடும் நாளில் உணவுக்கு முன் மூத்தவர் ஒருவர் எழுந்து, புதிதாய் வந்தவரை அனைவர்க்கும் முறைசொல்லி அறிமுகப்படுத்துதல் வேண்டும்: 'இவள் இன்னார்க்கு மருமகள், உனக்கு மதினி, உனக்கு ஓரகத்தி' என்று விரல்காட்டிச் சொல்லுதல் வேண்டும். கூட்டத்தின் நடுவே சொல்லப்பட்ட முறையைப் பின்னர் மறுப்பது எவர்க்கும் எளிதன்று. வந்தவர் வேற்றுமொழியினராயின், அவர்க்கு முதலிற் கற்பிக்க வேண்டிய தமிழ் முறைச்சொற்களே. பத்துச் சொல் கற்றவர் ஒரே நாளில் பத்து வீட்டுக்கு உரியவராகிவிடுவார். பெண்ணைப் பெற்றோரையும் ஆணைப் பெற்றோரையும் ஒரே வரிசையில் இருத்துதல் வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு குடிவழி முறைப்படம் ஒன்றை வரைவித்து, அதில் சாதி மறுத்து வந்தோர் பெயரையும் விடாது எழுதுவித்தல் வேண்டும். படத்தில் பெயர் விடுபட்டவர் அடுத்த தலைமுறையின் நினைவிலும் விடுபடுவர்.

தங்கையின் திருமணத்துக்கு வந்தும் ஊர்புகாமல் திரும்பிய அண்ணனுக்காக ஆண்டுதோறும் இரங்கும் மக்கள் வைகைக் கரை மக்கள். அதே கரையில், வாயில்வரை வந்தும் உறவாக ஏற்கப்படாமல் திரும்பிச் செல்லும் மருமக்களுக்காகவும் அவர்கள் நெஞ்சம் இரங்குதல் வேண்டும். சொல் ஒன்றே அவர்கள் வேண்டுவது. அதனைத் தமிழ் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காத்து வைத்துள்ளது. எடுத்துக் கொடுக்கும் வாய்தான் திறத்தல் வேண்டும்.